கேசரியில் சர்க்கரை இல்லை

நாச்சிமுத்து மாமா கரண்டி நுனியில் ஒட்டியிருந்த கேசரியை விரலால் வழித்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கச்சேரிக்கு முன் சுருதி பார்க்கிறவரைப் போலக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு சமையல்காரர் ஆறுமுகத்தைப் பார்த்து, சர்க்கரை போட மறந்துவிட்டாயா என்று கேட்டார்.

எருமப்பட்டி சுற்றுவட்டாரத்தில் பாதி விசேஷங்களுக்கு அடுப்பு மூட்டியவர் ஆறுமுகம். உப்பு குறைவு என்று அவரிடம் சொன்னவர்கள் உண்டு. சர்க்கரையே இல்லை என்று யாரும் சொன்னதில்லை. முகம் சுருங்கிப்போய் இன்னும் ஒரு கிண்ணம் அள்ளிப் போட்டுக் கிளறினார். மாமா மறுபடியும் விரலை வைத்தார்.

“மணலைத் திங்கற மாதிரி இருக்குது ஆறுமுகம். செவ்வாய்ப்பேட்டைல சக்கரை யாவாரம் பண்றவங்க வாராங்கப்பா. அவங்களுக்குப் போயி இதைய வெக்கறதா?”

இன்னொரு கிண்ணம் விழுந்தது.

அன்றைக்கு என் அக்கா மகள் கவிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். நான் பரமத்தி வேலூரிலிருந்து பஸ் மாறி வந்து, அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றியிருந்தேன். நேராகக் கொல்லைப்புறம் போய், கேசரி கிளறிய சட்டுவத்திலிருந்து ஒரு பொட்டு எடுத்து வாயில் போட்டேன். கடைவாய்ப் பல் வரைக்கும் கூசியது.

ஆறுமுகம் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா விளையாடவில்லை. அவருடைய நாக்கில் அந்த நேரத்தில் உண்மையிலேயே சர்க்கரை இல்லை.

அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் என் கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கெமிக்கல் இல்லாத மருந்து

இந்தத் தொடரைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வரி: நான் பரமத்தி வேலூரில் வெற்றிலை மண்டிக்குப் போகிற வழியில் பல வருஷம் மருந்துக் கடை நடத்தியவள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதல் வாசனை டெட்டால், இரண்டாவது வாசனை ஈர வெற்றிலை.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். “கெமிக்கல் இல்லாத மருந்தாக் குடுங்கம்மா.”

ஆரம்பத்தில் பொறுமையாக விளக்குவேன். மிளகில் காரம் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் ரசாயனம்தான். மஞ்சளின் மஞ்சள் ரசாயனம். வேப்பிலையின் கசப்பு ரசாயனம். செடி நகர முடியாத ஜீவன். ஆடு வந்து மேய்ந்தால் ஓட முடியாது. புழு வந்து கடித்தால் அடிக்க முடியாது. அதனால் அது தன் உடம்புக்குள்ளேயே ஒரு சின்ன மருந்துத் தொழிற்சாலை வைத்திருக்கிறது. ஆட்டை விரட்டச் செய்து வைத்ததைத்தான் நாம் எடுத்துத் தலைவலிக்குப் போட்டுக்கொள்கிறோம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “செரிங்கம்மா, ஆனா பக்க விளைவு இருக்காதில்லைங்க, இலைதானே?” என்பார்கள்.

பிறகு நான் விளக்குவதை விட்டுவிட்டேன். அரளியும் இலைதானுங்க, ஊமத்தையும் இலைதானுங்க என்று மட்டும் சொல்வேன். அதோடு பேச்சு நின்றுவிடும்.

ஒரு தடவை மூட்டு வலிக்காரர் ஒருவர் வந்தார். கரூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர். கால் கட்டைவிரல் வீங்கி, செருப்புக்கூடப் போட முடியாமல் நொண்டிக்கொண்டு வந்து மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினார். மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தோட்டத்தில் விளைகிற கண்வலிக்கிழங்கு விதையிலிருந்துதான் அந்த மருந்தையே எடுக்கிறார்கள். வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். உடனே அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மாத்திரையை வாங்காமலேயே தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அந்த வெளிச்சத்தின் அர்த்தம் எனக்குப் புரிந்து, கடையை விட்டு இறங்கி ஓடிப் போய், ஐயா, மாத்திரையில் இருப்பது கடுகை விடச் சின்ன அளவு, விதையை மென்றால் ஆளே போய்விடும் என்று நடுத்தெருவில் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் மாத்திரை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீரியம் இல்லாத செடியால் உபத்திரவம் இல்லை; உபகாரமும் இல்லை. இவ்வளவுதான் நான் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. இதைச் சொந்த வீட்டு மனிதருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்பதுதான் இந்த வாரக் கதை.

மாமாவின் வரைபடம்

நாச்சிமுத்து மாமா என் அக்கா பழனியம்மாளின் வீட்டுக்காரர். நாமக்கல்லில் லாரி வைத்து, தானே ஓட்டி, வடக்கே பல மாநிலம் போய் வந்தவர். மற்ற டிரைவர்களுக்கு ஊர் என்றால் டோல்கேட், டீசல் பங்க். மாமாவுக்கு ஊர் என்றால் அங்கே கிடைக்கிற இனிப்பு. இந்த ஊரில் ஜிலேபி, அந்த ஊரில் பேடா என்று இந்தியாவையே அப்படித்தான் அவர் மனசில் வரைந்து வைத்திருந்தார்.

லாரியை விற்றுவிட்டு எருமப்பட்டியில் தோட்டத்தோடு வந்து உட்கார்ந்த சமயத்தில் சர்க்கரை நோயும் கூடவே வந்து உட்கார்ந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. போட்டால் கட்டாயம் சாப்பிட்டுவிட வேண்டும். இனிப்பு கூடாது.

மாமா மாத்திரையைப் போட்டார். இனிப்பையும் விடவில்லை. வேட்டி மடிப்பில் மைசூர்பாகு, டிராக்டர் சீட்டுக்கு அடியில் தேன்மிட்டாய். அக்கா கண்டுபிடித்துக்கொண்டே இருப்பாள், அவர் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். பல வருஷக் குடித்தனத்தில் அவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கேட்டில் ஏறிய கொடி

அப்புறம்தான் கொல்லிமலைப் பக்கத்துச் சிநேகிதர் ஒருவர் மாமாவுக்கு ஒரு கொடியைக் கொண்டுவந்து கொடுத்தார். சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்று இன்னொரு பெயரும் உண்டு. பெயரைக் கேட்டதுமே மாமா அதன் பக்தர் ஆகிவிட்டார். கேட்டை ஒட்டி நட்டு, கம்பியில் ஏற்றிவிட்டார். கொடி வளர்கிற வரைக்கும் காத்திருக்க மனசில்லாமல், சேலத்தில் நாட்டு மருந்துக் கடையிலிருந்து பொடியும் வரவழைத்துக்கொண்டார்.

அந்த இலை வெறும் நம்பிக்கை இல்லை. சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும் சரக்கு அதில் இருக்கிறது. எவ்வளவு இறக்கும் என்பது இலைக்கு இலை, பொடிக்குப் பொடி, ஆளுக்கு ஆள் மாறும். அதுதான் சங்கடம்.

அந்த இலைக்கு இன்னொரு வித்தையும் தெரியும். அதை நன்றாக மென்றால், அதிலிருக்கும் ஒரு அமிலம் நாக்கில் இனிப்பை உணர்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் தெரியும். இனிப்பு மட்டும் தெரியாது. அரைமணி, முக்கால் மணி நேரத்துக்குச் சர்க்கரையும் மணலும் ஒன்றுதான். அப்புறம் தானாகச் சரியாகிவிடும்.

கேசரியைப் பதம் பார்க்க வந்த மாமாவின் கடைவாயில் பச்சையாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆறுமுகத்தைச் சர்க்கரை டப்பாவை மூடச் சொல்லிவிட்டு மாமாவை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தேன். பெருமையாகவே சொன்னார். சம்பந்தி வருகிற நாள், இரண்டு தட்டாவது கேசரி சாப்பிட வேண்டிவரும். அதனால் முன்னேற்பாடாக மாத்திரை, அதற்கு மேல் பொடி தாராளமாக, அதற்கும் மேல் கேட்டுக் கொடியிலிருந்து பச்சை இலை. காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. வயிற்றில் கேசரிக்கு இடம் வேண்டுமாம்.

மாமா, இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும், முதலில் இரண்டு இட்லி சாப்பிடுங்கள், நாளைக்கே மருத்துவரிடம் பொடியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன்.

“அம்முணி, மாத்திரைதான் கெமிக்கலு. இது நம்ம கேட்டுல மொளைச்சது” என்றார்.

அதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இட்லி தட்டிலேயே கிடந்தது.

நாக்குக்குப் பூட்டு

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை அருண், அவருடைய அப்பா, அம்மா. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை; அதிலும் சர்க்கரைதான் பிரதானம். மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்கே பிறந்த மனிதர். அம்மா அதிகம் பேசவில்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிதா உள்ளறையில் இருந்தாள். நாமக்கல்லில் முட்டைப் பண்ணை அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். காரணம் கேட்டால், பத்து நிமிஷம் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளைப் பற்றி என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்பாள். இந்தத் தடவையும் அவள் முகத்தில் அதே கேள்விதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அக்கா சமையற்கட்டுக்கும் உள்ளறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

கூடத்தில் மாமா சர்க்கரை வியாபாரியிடம் சர்க்கரைக்கொல்லியின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கியதோடு நிற்கவில்லை. மடியிலிருந்து இலையை எடுத்து, மென்று பாருங்கள் என்று நீட்டினார். அவர் மறுக்கத் தெரியாமல் வாங்கி வாயில் போட்டு, கசப்பில் முகம் கோணாமல் இருக்கப் பெரும்பாடு பட்டு மென்றார். மாமாவும் துணைக்கு நாலைந்து இலையை மென்றார்.

அந்த நேரம் பார்த்து அக்கா கேசரித் தட்டுகளோடு வந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துவிட்டு உடனே தண்ணீருக்குக் கை நீட்டினார். அப்பா ஒரு ஸ்பூன் சாப்பிட்டார், இன்னொன்று சாப்பிட்டார், பிறகு மெதுவாக மனைவியின் காதருகில் குனிந்து, பாவம், சக்கரை போட மறந்துட்டாங்க போலிருக்குது, ஒண்ணும் சொல்லாதே என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அந்த அம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மாமா தன் தட்டை விரலால் தள்ளி வைத்துவிட்டார். மணலை யார் சாப்பிடுவார்கள்? எந்தக் கேசரிக்காக அவ்வளவு மருந்தும் சாப்பிட்டாரோ, அந்தக் கேசரி ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. மருந்து மட்டும் உள்ளே தனியாக வேலை செய்துகொண்டிருந்தது.

“ஸ்டெப்னியும் இருக்குதுங்க”

பேச்சு ஜாதகத்துக்கு வந்தது. ஜாதகத்தை எடுத்து நீட்ட வேண்டியவர் மாமா. திரும்பிப் பார்த்தேன். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராசு, நாலு டயர்லயும் காத்துப் பாத்தியா?” என்றார்.

ராசு என்பவன் பல வருஷத்துக்கு முன் அவருடைய லாரியில் கிளீனராக இருந்தவன்.

சம்பந்தியாக வரவேண்டியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். மரியாதைக்கே பிறந்தவர் என்று சொன்னேன் அல்லவா, “பாத்துட்டனுங்க” என்றார்.

“ஸ்டெப்னி?”

“ஸ்டெப்னியும் இருக்குதுங்க.”

அந்த அம்மா எழுந்துவிட்டார். ஏனுங்க, காலங்காத்தாலயே தண்ணி போட்டிருக்கறாருங்களா என்று அக்காவிடம் தணிந்த குரலில் கேட்டார். அக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று. அவள் கண்ணில் வரன் போவது தெரிந்தது. எனக்கோ ஆளே போய்விடுவார் என்று தெரிந்தது.

அவரு குடிக்கலைங்க, சுகர் இறங்கிப்போச்சு என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ரத்தச் சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து வந்து விரலில் குத்தினேன். திரையில் வந்த எண் ஐம்பதுக்குக் கீழே. சமையற்கட்டுக்கு ஓடி, ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தேன். நினைவு இருக்கிறது, விழுங்க முடிகிறது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற முடியாது. அதற்குள் குடித்தாக வேண்டும்.

“மாமா, சக்கரைத் தண்ணி. குடியுங்க.”

மாமா டம்ளரைத் தட்டிவிட்டார். எனக்குச் சுகர், சக்கரை தொடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு என்றார். வேட்டி மடிப்பில் மைசூர்பாகு ஒளித்த மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சர்க்கரை தேவைப்பட்ட நிமிஷத்தில் பத்தியக்காரர் ஆகிவிட்டார்.

வற்புறுத்தி ஒரு வாய் ஊற்றினேன். துப்பினார். சுகர் இறங்கினால் கோபம் வரும், அதுவும் சேர்ந்துகொண்டது.

“பச்சைத் தண்ணியக் குடுத்து ஏமாத்தறயா? நானென்ன கிறுக்கனா?”

அவர் சொன்னது அவர் நாக்குக்குச் சரி. இலை பூட்டின பூட்டு அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா உதவி செய்ய நினைத்து, டம்ளரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்முணி, இது பச்சைத் தண்ணிதானுங்க” என்று எனக்கே சொன்னார். சர்க்கரையிலேயே காலம் தள்ளியவர் கொடுத்த சாட்சி. மாமா வெற்றியோடு தலையாட்டினார். தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

அக்காவின் கசாயம்

என் கையிலிருந்த டம்ளரை அக்கா வாங்கினாள். அதை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனாள். இன்னும் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். அதே டம்ளரோடு திரும்பி வந்து மாமாவுக்கு முன்னால் குனிந்தாள்.

“ஏனுங்க, சிறுகுறிஞ்சான் கசாயமுங்க. நம்ம கேட்டுக் கொடியில பறிச்சு இப்பத்தான் போட்டேன். கடை மருந்தெல்லாம் நமக்கெதுக்கு?”

மாமா அவளைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். கசாயம்னா இப்படித்தான் இருக்கணும், ஒரு ருசியும் இருக்கக் கூடாது என்று வேறு சொன்னார். அக்கா இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள். அதையும் குடித்தார்.

நான் கடையில் எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு கெட்டிக்காரத்தனத்தை நான் பார்த்ததில்லை. எந்த இலை அவரைச் சாய்த்ததோ அதன் பெயரைச் சொல்லியே, அது மரத்துப்போக வைத்த நாக்கின் வழியாகவே, அவருக்குச் சர்க்கரையை ஊட்டிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வியர்வை நின்றது. கண்ணில் தெளிவு வந்தது. ஆனால் அந்த மாதிரி மாத்திரை போட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறினாலும் மறுபடி இறங்கும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தாக வேண்டும். நான் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை அருண் கார் சாவியோடு வாசலில் நின்றார். மாமாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பின் சீட்டில் உட்காரவைத்தார். நான் பக்கத்தில் ஏறினேன். பட்டுப் புடவையோடு கவிதா ஓடிவந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். யாரும் யாரையும் அனுமதி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தா

நாமக்கல்லில் மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டார். இலையை அவர் திட்டவில்லை. வீரியம் இருப்பதால்தான் இப்படி ஆயிற்று என்றார். மாத்திரை சாப்பிடுகிறவர் தானாகவே அதன்மேல் இன்னொன்றை ஏற்றினால் இரண்டு டிரைவர் சேர்ந்து ஒரே ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாதிரி என்று மாமாவுக்குப் புரிகிற பாஷையில் விளக்கினார். ஒரு நாள் படுக்கையில் வைத்துக்கொண்டார். பிற்பாடு மாத்திரையின் அளவை மாற்றினார். பொடி நின்றது.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கையில் மாமா என்னைக் கூப்பிட்டு, வந்தவர்களிடம் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்டார். மறைக்க முடியாது என்று டயர், ஸ்டெப்னி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அருண் கட்டிலின் காலடியில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எங்கள் அப்பா தப்பாக நினைக்க மாட்டார், நீங்கள் தூங்குங்கள் என்று மட்டும் சொன்னார். மருத்துவர் மறுபடி வந்து பார்த்து, இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அருண் மெதுவாக வராந்தாவுக்குப் போனார். கவிதாவும் ஏதோ வாங்குவதுபோல் பின்னாலேயே போனாள். நான் போகவில்லை. எனக்கும் வயசாகிவிட்டது, எப்போது எங்கே போகக் கூடாது என்று தெரியும்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் இன்னும் போகவில்லை, அவர்களுக்குச் சம்மதம்தான், கவிதாவின் பதில் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு கவிதாவிடம் கேட்டேன்.

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“கார்ல வாரப்பவே அவருக்குச் சிரிப்புத்தான் சித்தி. ஓரக்கண்ணுல பாத்தேன். உதட்டைக் கடிச்சுட்டு ஓட்டுனாரு. அப்பாவுக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரு சொன்ன பொறவுதான் வராந்தாவுக்குப் போயி, செவுத்தைப் புடிச்சுட்டு, கண்ணுல தண்ணி வர வரைக்கும் சிரிச்சாரு. அது வரைக்கும் அடக்கி வெச்சிருந்தாரு.”

தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

“செரின்னு சொல்லிருங்க சித்தி.”